போகிக்கு முந்திய போகி

அந்த மார்கழியில் எங்கள் தெருவுக்குப் போகி இரண்டு தடவை வந்தது. பஞ்சாங்கத்தில் போட்டிருந்தபடி 2005 ஜனவரி 13ஆம் தேதி வந்தது இரண்டாவது. அதற்கு வாசலில் போட்டுக் கொளுத்த ஒரு கிழிந்த பாய்கூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் முதல் போகியிலேயே கழித்துக் கட்டியிருந்தோம். முதல் போகி 2004 டிசம்பர் 27, திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேரைக் கொன்றுபோட்டிருந்தது. எங்கள் தஞ்சாவூரிலிருந்து நாகை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் போகவில்லை. பீரோவைத் திறந்தோம்.

எங்கள் தெருவின் இரக்கம் அன்று என்னவெல்லாம் வெளியே எடுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊக்கு போன ரவிக்கைகள். இடுப்பில் எலாஸ்டிக் தொங்கிய பாவாடைகள். செத்துப்போன மாமனாரின் கறுப்புக் கோட்டு. மூன்றாவது வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்பு ஒன்றைப் போட்டார். இன்னொன்று கிடைத்ததும் தருவதாகச் சொன்னார். என் பங்குக்கு நான் கொடுத்தது ஒரு கம்பளி ஸ்வெட்டர், டில்லியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. பூச்சி அரித்திருந்தது முதுகுப் பக்கம்தான், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் முன்பக்கம் மேலே தெரியும்படி நானே மடித்து வைத்தேன். நாகையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் எந்த நூற்றாண்டில் அடித்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. “பாவம், ராத்திரியில குளிருமே” என்றாள் என் மனைவி. இருவருக்கும் கண் கலங்கியது. பீரோவில் ஒரு தட்டு காலியானது.

லாரி மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். பேனர் வரவில்லை. பேனர் இல்லாமல் லாரி போனால் அது வெறும் லாரி, பேனரோடு போனால்தான் நிவாரணம். பன்னிரண்டு மணிக்கு வந்த பேனரில் செயலாளர் படம் தலைவர் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. அந்த விரற்கடையைப் பேசித் தீர்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்றாவது நாள் பிணங்கள் மணலில் ஊதிக்கொண்டிருந்தபோது நாங்கள் தலைவரின் மீசையை அளந்துகொண்டிருந்தோம்.

அந்தத் துணியெல்லாம் நாகையில் என்ன ஆயிற்று என்று பத்திரிகைகளில் படம் வந்தது. சாலையோரத்தில் மலை மலையாகக் கிடந்தது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மாடு முகர்ந்துவிட்டு விலகிப் போகிற குவியல். நாகையின் மீனவக் குப்பங்களான கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் இருந்த சனங்கள் அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? நல்ல பாடு கிடைத்த நாளில் மகளுக்குச் சங்கிலி எடுக்கிறவர்கள், ஒரு வலைக்கு எங்கள் ஆறு மாதச் சம்பளத்தைப் போடுகிறவர்கள் அவர்கள். சனிக்கிழமை ராத்திரி வரை யாரிடமும் கை நீட்டாதவர்கள் திங்கட்கிழமை நாங்கள் உடுத்திக் கழித்த பாவாடையை உடுத்த வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? எங்கள் தெருவில் இதற்கும் தீர்ப்பு இருந்தது. “இந்த நிலைமையிலும் திமிரு பாருங்க சார்.” சொன்னவர் ஒற்றைச் செருப்புக்காரர்.

எங்கள் ஊர் அனுப்பியதில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனை அரசாங்கம் நாகைக்கு மாற்றியது. கலெக்டரை நாங்கள் பழசு என்று கழிக்கவில்லை, எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

தஞ்சாவூரே தூரம் என்றால் டில்லி எவ்வளவு தூரம்? ஹவாய் எவ்வளவு தூரம்? சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பாறை கிழிந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. கால் மணி நேரத்துக்குள் ஹவாயிலிருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அறிக்கை விட்டது. பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றது அறிக்கை. உண்மைதான், ஆபத்து பசிபிக்கில் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது; அவர்களுக்குச் சம்பளம் பசிபிக்குக்குத்தான். இந்தியப் பெருங்கடலில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல் கிடையாது, போனை எடுக்க நம்மிடம் ஆள் கிடையாது. எண்பது கோடி ரூபாயோ எண்ணூறு கோடி ரூபாயோ செலவழித்து ஒரு மையம் வைத்திருக்கலாமே என்று பிற்பாடு பேசினோம். வைத்தோம், 2007இல், ஹைதராபாத்தில். ஆனை போன பிறகு மணியோசை.

டில்லி கதை இதைவிட ருசி. கார் நிக்கோபாரில் நம் விமானப்படைத் தளத்தை அலை அடித்துக்கொண்டு போனபோது நாகைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு மணி நேரத்தில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற பக்தர்களை மாதா கோயில் படிக்கட்டுக்கு மேலே ஏற்றியிருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வேறு, கரையெல்லாம் சனம். அந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டுமோ அவரைத் தவிர எல்லோருக்கும் போயிற்று. ஒன்பது மணி நெருங்கும்போது வானிலைத் துறை நிலநடுக்கம் பற்றி அறிவியல் அமைச்சருக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பியது. கடமை தவறவில்லை. ஆனால் ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது பழைய அமைச்சருக்கு. அவர் இருந்த ஆட்சி மே மாதமே கவிழ்ந்து, நாட்டுக்கு வேறு பிரதமர் வந்து, ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆட்சி மாறியதை வாக்காளன் அறிந்தான், பிச்சைக்காரன் அறிந்தான். ஃபேக்ஸ் மெஷினுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவாவது பழைய துணியை அனுப்பியது. டில்லி பழைய அமைச்சருக்கு அனுப்பியது.

இதற்கெல்லாம் பிராயச்சித்தம் வேண்டாமா? செய்தார்கள். டிசம்பர் 30ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் கரையோரம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது: மறுபடி சுனாமி வரலாம். ஆதாரம்? அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன ஆரூடம். பிணம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சோறு ஏற்றி வந்த வண்டிகள் திரும்பின. பிள்ளையைப் பறிகொடுத்து நான்கே நாள் ஆன பெண்கள், மிச்சமிருந்த பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் ஓடினார்கள். அன்று சாயங்காலமே அறிவியல் அமைச்சகத்துப் பக்கமிருந்து அது வெறும் பிதற்றல் என்று மறுப்பு வந்தது. அலை வந்த நாளில் வாய் திறக்கவில்லை, வராத நாளில் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியான நேரத்தில் எச்சரித்ததாக வரும் என்று ஏதாவது கோப்பில் குறித்திருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம், வாஷிங்டன். முதலில் அமெரிக்க அரசு ஒன்றரைக் கோடி டாலர் தருவதாகச் சொன்னது. ஐ.நா.வில் நிவாரணம் பார்த்த யான் எகலாண்ட் என்கிற நார்வேக்காரர், பணக்கார நாடுகள் கை சுருக்கமாக இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சுருக்கென்றது. மூன்றரைக் கோடி ஆயிற்று. டிசம்பர் 31ஆம் தேதி முப்பத்தைந்து கோடி. ஐந்து நாளில் செத்தவர்கள் எண்ணிக்கை ஏறிய வேகத்தைவிட டாலர் வேகமாக ஏறியது. மீன் ஏலத்தில்கூட இப்படி ஏறிப் பார்த்ததில்லை. இரக்கம் அல்ல இது, பக்கத்து நாட்டுக்காரன் எவ்வளவு எழுதினான் என்று கல்யாண வீட்டு மொய் நோட்டை எட்டிப் பார்ப்பது. ஜனவரி நடுவில், வெளியுறவு அமைச்சராகப் போகிற காண்டலீசா ரைஸ் செனட் சபைக்கு முன்னால் உட்கார்ந்து, சுனாமி ஓர் அருமையான வாய்ப்பாக அமைந்தது என்றும் அதனால் தங்களுக்கு நல்ல ஆதாயம் கிடைத்தது என்றும் சொன்னார். பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் செத்ததை ‘வாய்ப்பு’ என்று சொல்ல நம் ஊர் வட்டிக்கடைக்காரனுக்கும் நாக்கு கூசும். ஆனால் பொய் சொல்லவில்லை அந்த அம்மாள். அன்று உண்மையைப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

உலகம் கஞ்சத்தனம் செய்ததாகவும் சொல்ல முடியாது. வந்து குவிந்த பணத்தைப் பிற்பாடு மதிப்பிட்டவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தலைக்கு 7,100 டாலருக்கு மேல். அதே 2004இல் பங்களாதேஷில் வெள்ளத்தில் முழுகியவர்களுக்குச் செலவிட்டது தலைக்கு 3 டாலர். வகுத்துப் பாருங்கள். கடல் தண்ணீரில் நனைந்தவன் ஒருவன், ஆற்றுத் தண்ணீரில் நனைந்தவர் இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேருக்குச் சமம். உப்புக்கு அவ்வளவு விலை! பங்களாதேஷ்காரன் செய்த தவறு என்ன? அவன் ஊருக்குக் கிறிஸ்துமஸ் லீவுக்கு வெள்ளைக்காரன் வீடியோ கேமராவோடு வரவில்லை. அவன் வருஷா வருஷம் முழுகுகிறான், அதில் புதுமை இல்லை. சாகிறவனுக்கும் கொஞ்சம் காட்சி ஞானம் வேண்டும்.

பணத்தை விடுங்கள், மருந்துக்கு வருவோம். இதில் எங்கள் தெருவின் மானத்தைக் காப்பாற்றியது உலகம். அடி முதலில் விழுந்தது இந்தோனேசியாவின் ஆச்சேயில்தான், அதிகம் செத்ததும் அங்கேதான். அங்கே பாதிக்கப்பட்ட, இருபது லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகைக்கு உலகம் அள்ளிக் கொடுத்த மருந்து நாலாயிரம் டன். பின்னால் ஒரு பிரெஞ்சு மருந்தாளுநர் அமைப்பு போய் எண்ணிப் பார்த்தது. பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. நூற்றுக்கு எழுபதில் ஒட்டியிருந்த சீட்டு உள்ளூர் டாக்டருக்குப் படிக்கத் தெரியாத பாஷையில். கால் பங்குக்குக் காலாவதித் தேதி முடிந்திருந்தது, அல்லது முடியப்போகிறது, அல்லது தேதியே இல்லை. அறுநூறு டன்னை அழித்தாக வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வேண்டும் என்று கணக்கு வந்தது. என் ஸ்வெட்டருக்குப் பூச்சி அரித்தது முதுகில். மருந்துக் கம்பெனிகளின் ஸ்வெட்டருக்குத் தேதியில். தங்கள் நாட்டில் குப்பையைக் கொளுத்தக் காசு கொடுக்க வேண்டும். தானம் என்று எழுதி ஆச்சேக்குக் கப்பலில் ஏற்றினால், கொளுத்துகிற செலவு வீடிழந்தவன் தலையில், புண்ணியம் தங்கள் கணக்கில். போகி என்று நான் சும்மா சொல்லவில்லை.

ஏன் இது நடந்தது என்று விளக்கம் சொல்லவும் தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த நவம்பரில் ஒரு மடாதிபதி கைதானார், அதற்குத்தான் கடல் பொங்கியது என்று படித்தவர்களே பேசினார்கள். கைது செய்தது சென்னையிலிருக்கும் அரசாங்கம். கடலுக்குச் சென்னைக் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அக்கரைப்பேட்டையில் மூன்று வயதுப் பிள்ளையைத் தேடிப் போகும் கடவுளுக்கு முகவரி வாசிக்கத் தெரியாது என்றுதானே அர்த்தம்? அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துச் சிறு சபை ஒன்று, தாய்லாந்தில் உல்லாசப் பயணம் போய்ச் செத்த சுவீடன்காரர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது. 543 சுவீடன்காரர்கள் செத்தார்கள். ஜாதி, மதம், கண்டம் எது வேறானாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே வருவதில்லை: செத்தவன் ஏதோ செய்திருக்கிறான்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சிக்கு நேரமில்லை. நாகூர் தர்கா தன் இடத்தைத் திறந்துவிட்டது; எந்தச் சாமியைக் கும்பிட்ட பிணம் என்று கேட்காமல் குழி வெட்டினார்கள். பரங்கிப்பேட்டை ஜமாத்தார் பக்கத்துக் குப்பங்களுக்கு அன்றைக்கே சோறாக்கிப் போட்டார்கள். அண்டாவில் யார் படமும் ஒட்டியிருக்கவில்லை.

இன்னொரு கூட்டம் வந்தது. அவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. பிணங்களை எடுக்க வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏறக்குறைய எல்லோரும் தலித்துகள். இடிந்த சுவருக்கு அடியிலும் கருவேல முள்ளுக்குள்ளும் சிக்கி, நாலு நாள் ஐந்து நாள் ஆகி, கையைப் பிடித்தால் தோல் மட்டும் கையோடு வந்த உடம்புகளை அவர்கள் எடுத்தார்கள். பலருக்குக் கையுறை கிடையாது, காலுக்குச் செருப்பு கிடையாது. உலகம் முழுவதும் ஒரு டிசம்பர் வாரத்தில் கோடி கோடியாகத் திரட்டிய பணத்தில் நாகப்பட்டினத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. அதே கரையில் குடியிருந்த தலித் குடும்பங்கள், ‘மீனவர் அல்லாதோர்’ என்ற தலைப்பில் நிவாரணப் பட்டியலின் கடைசிக்குப் போனார்கள். சில முகாம்களில் தண்ணீர் லாரிக்கு முன்னாலும் தள்ளி நிறுத்தப்பட்டார்கள். இதில் டில்லிக்கும் வாஷிங்டனுக்கும் பங்கில்லை. இது உள்ளூர்ச் சரக்கு. கடல் ஜாதி பார்க்கவில்லை என்று அப்போது எல்லா மேடையிலும் பேசினார்கள். கடல் பார்க்கவில்லைதான். கடல் போன பிறகு வந்தவர்கள் பார்த்தார்கள்.

பிறகு தத்தெடுப்பு தொடங்கியது. ஊரைத் தத்தெடுப்பது என்று ஒரு வழக்கம் அந்தத் தை மாதம் கரையெல்லாம் பரவியது. நூற்றாண்டுக் கணக்கில் தனக்கென்று பஞ்சாயத்து, வழக்கு, தண்டம், கோயில், திருவிழா எல்லாம் வைத்துக்கொண்டு எந்த போலீஸ் ஸ்டேஷனையும் அண்டாமல் வாழ்ந்த குப்பங்களை, பெருநகரத்திலிருந்து நேற்று வந்த நிறுவனங்கள் பெற்றோரில்லாப் பிள்ளையைப் போலத் தத்தெடுத்தன. சினிமாக்காரர்கள் தத்தெடுத்தார்கள், கம்பெனிகள் தத்தெடுத்தன. ஒரே ஊரை இருவர் தத்தெடுத்துச் சண்டை போட்டதும் உண்டு. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கார் போகாத ஊரை யாரும் தத்தெடுக்காமல் விட்டதும் உண்டு. தத்தெடுத்தவர்கள் முதலில் நட்டது பலகை. வீடு தார் ஷீட்டில், பலகை இரும்பில். தார் ஷீட் கொட்டகை என்றால் என்னவென்று சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் உள்ளே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். தண்ணீரில் சாகாதவனைச் சுட்டுச் சாகடிப்பதற்கென்றே கண்டுபிடித்ததுபோல இருக்கும். மழை வந்தால் கீழே குளம். அதன் வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி, கையில் பையைக் கொடுத்து, பையிலிருக்கிற பெயர் தெரியும்படி திருப்பிப் பிடிக்கச் சொல்லி, “கொஞ்சம் சிரிம்மா” என்பார்கள். அம்மா செத்து ஒரு மாதம். சிரிக்காவிட்டால் இன்னொரு பிள்ளை.

படகு கொடுத்த கூத்துக்குத் தனியாகப் புராணம் எழுத வேண்டும். படகைக் கொடுத்தால் படம் நன்றாக விழும். நீலக்கடல், வெள்ளைப் படகு, பக்கவாட்டில் பெயர். வலையைக் கொடுத்தால் பெயர் எழுத இடமில்லை. ஆகவே எல்லோரும் ஃபைபர் படகே கொடுத்தார்கள். கட்டுமரம் இழந்தவனுக்கும் படகு, பங்குக்குப் போனவனுக்கும் படகு. சில ஊர்களில் கடல் கொண்டுபோனதைவிடக் கொடையாளர் கொண்டுவந்தது அதிகம். இருந்த மீன் அதே மீன். அவசரத்தில் வார்த்த படகுகளில் சில, கடலுக்கு லாயக்கில்லாமல் கரையில் குப்புறக் கிடந்தன. நிழலுக்கு உதவின, நாய்க்கு. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய விதவைக்கு எதுவும் இல்லை. பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கில் அவள் முழுத் தலையில்லை, கொடையாளரின் கேமராவில் கூடை எடுபடாது.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே நாடகம்தான், உடை வேறு. இலங்கையில் முப்பத்தையாயிரம் பேர் செத்தார்கள். கரையிலிருந்து தெற்கில் நூறு மீட்டருக்குள்ளும் வடக்கு கிழக்கில் இருநூறு மீட்டருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்றது அரசாங்கம். ஓட்டல் கட்டலாம். அலைக்கு மீனவன் குடிசைக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் வித்தியாசம் தெரியும்போலும். ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் ஆறுதல் சொல்ல வந்தார். புலிகள் கையிலிருந்த பகுதிக்குப் போகவிடவில்லை. முல்லைத்தீவில் செத்தவர்களுக்கு ஆறுதல் தேவைப்படாது என்று கொழும்பு முடிவு செய்திருந்தது. நிவாரணப் பணத்தைப் பங்கிட ஜூனில் அரசும் புலிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. அதற்கு மேல் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்; மனிதனால் முடியாதது என்று கடல் செய்துகாட்டியதை மனிதர்களே அதே கரையில், 2009இல், போரில் செய்து முடித்தார்கள்.

தலைக்கு 7,100 டாலர் என்றேனே, அது போய்ச் சேர்ந்த இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடசென்னைக் குப்பங்களிலிருந்து பெயர்த்து எண்ணூர்ப் பக்கம் எர்ணாவூரில் குடிவைக்கப்பட்ட பெண்கள், பிழைப்பு செத்து, கடன் ஏறி, தங்கள் சிறுநீரகத்தை விற்றார்கள். 2007 ஜனவரியில் செய்தி வெளிவந்தது. ஒருவர் இருவர் அல்ல. முகாமுக்கே கிட்னியின் பெயர் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பெண்களுக்குத்தான் உலகமே அள்ளிக் கொடுத்தது. அவர்கள் கடைசியில் ஒரு கிட்னியைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார்கள்.

எங்கள் தெருவுக்குத் திரும்புகிறேன். எங்களை இவ்வளவு மட்டமாகச் சொல்லிவிட்டுப் போனால் தகாது. துணியைவிடப் பெரிய காரியம் ஒன்றும் நாங்கள் செய்தோம். மீன் தின்பதை நிறுத்தினோம்.

செத்தவர்களைக் கடல் மீன் தின்றிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். போதும். தஞ்சாவூரிலும் சென்னையிலும் மதுரையிலும் சனம் கோழிக்கு மாறியது. வஞ்சிரமும் வவ்வாலும் ஐஸில் கிடந்து நாறின. அலையில் தப்பிய ஒன்றிரண்டு படகைச் சரிசெய்து, பயத்தை விழுங்கிக்கொண்டு கடலுக்குப் போய் வந்தவன், பிடித்ததை விற்க முடியாமல் மண்ணில் புதைத்தான். அவன் எங்களிடம் அரிசி கேட்கவில்லை. மீனை வாங்கியிருந்தால் அரிசியை அவனே வாங்கியிருப்பான். லாரியும் வேண்டாம், பேனரும் வேண்டாம், தலைவர் மீசையும் வேண்டாம். தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எங்களால் செய்ய முடிந்த ஒரே உபகாரம், வாரத்தில் இரண்டு நாள் வழக்கமாகச் செய்துகொண்டிருந்த மீன் குழம்பு. அதைத்தான் அருவருத்தோம்.

மாசி மாதம் இருக்கும். நாகையிலிருந்து எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த மீன்காரம்மா, சுனாமிக்கப்புறம் முதல் தடவையாகக் கூடையோடு வந்தது. தெருவே வாசலுக்கு வந்து துக்கம் விசாரித்தது. உங்க வீட்டுல யாரு, எத்தனை பேரு, உடம்பு கிடைச்சுதா. அது நின்று ஒவ்வொரு வீட்டிலும் பதில் சொன்னது. பேரப்பிள்ளை ஒன்று, மருமகள் ஒன்று. மருமகள் கிடைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கூடையை இறக்கி ஓலையை விலக்கியது. சங்கரா, கொஞ்சம் நெத்திலி. கண்ணில் சிவப்பு ஏறாத புது மீன்.

“இது கடல் மீனா, ஏரி மீனா?” என்று கேட்டார் ஒற்றைச் செருப்புக்காரர்.

அது அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஓலையை மூடியது. ஒரு வீடும் வாங்கவில்லை. நானும்தான். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாம்பார். கூடையைத் தலைக்கு ஏற்ற அது தடுமாறியபோது என் மனைவி, “இரும்மா” என்று உள்ளே ஓடினாள். முதல் போகியில் எப்படியோ தப்பியிருந்த ஒரு நூல் புடவையை எடுத்துவந்து நீட்டினாள்.

மீன்காரம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்தது. முந்தானையில் ஒரு கிழிசல். அதை மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்து, எங்கள் திண்ணையில் வைத்தது.

“புடவ இருக்கும்மா. மீனு வாங்குங்க.”